பிள்ளையாருக்குக் கீழே ஒரு சுவிட்சு

கார் இல்லாதவரைக்கும் கோவிந்தராசு நிம்மதியாகத் தூங்கினார். ஓட்டை ஸ்கூட்டரை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து படுத்தால், காலையில் பால்காரர் மணி அடிக்கும்வரை மனுஷனிடம் அசைவு இருக்காது. அந்த ஸ்கூட்டரை எவனாவது தூக்கிக்கொண்டு போனால் செலவு அவனுக்குத்தான் என்று மனைவி கமலவேணி சொல்வாள். இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் என்ன தோன்றியதோ, செகண்ட் ஹேண்டில் ஒரு வெள்ளைக் கார் வாங்கினார். வாங்கினாரோ இல்லையோ, பிடித்தது சனி.

கருவடிக்குப்பத்தில் அவர்கள் இருந்தது வாடகை வீடு. காரை உள்ளே விட இடம் கிடையாது, தெருவில்தான் நிறுத்த வேண்டும். கதவுப் பூட்டு வேறு தேய்ந்து போயிருந்தது. கோவிந்தராசு அரசாங்க ஆபீசில் வேலை பார்க்கிறவர். பீரோவைப் பூட்டிவிட்டு ஒரு முறை இழுத்துப் பார்த்து, படி இறங்கி, மறுபடி ஏறி வந்து இழுத்துப் பார்க்கிற ரகம். அப்பேர்ப்பட்டவர் கையில் கார் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? ஸ்டியரிங்குக்கு ஒரு சங்கிலி, கியருக்கு ஒரு பூட்டு, போதாததற்கு முன்சக்கரத்துக்கும் ஒன்று. கோயிலுக்குப் புறப்பட்டால் கமலவேணி பூக்கூடையோடு தெருவில் நிற்பாள். அவர் ஒவ்வொரு பூட்டாகக் கழற்றிக்கொண்டிருப்பார். நடந்து போயிருந்தால் இந்நேரம் சாமி கும்பிட்டுத் திரும்பியிருக்கலாம் என்று அவள் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வாள்.

சாயங்காலங்களில் அவர் மைதானத்துக்குப் பெத்தாங்க் ஆடப் போவார். இரும்புக் குண்டைக் கையில் எடைபார்த்து, மண் தரையில் கிடக்கும் சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கும்படி வீசுகிற ஆட்டம். வெள்ளைக்காரன் கப்பலேறியும் புதுச்சேரிக்காரர்கள் விடவில்லை. அங்கேதான் அம்மாவாசை இருந்தார். சொந்தமாக ஒரு லோடு வண்டி வைத்திருக்கிறவர். எல்லாருக்கும் எல்லா விஷயத்திலும் யோசனை சொல்லுவார். கோவிந்தராசின் பூட்டுப் புராணத்தைக் கேட்டுவிட்டு அவர்தான் சொன்னார், கண்ணுக்குத் தெரிகிற பூட்டு எதற்கும் உதவாது, ரகசிய சுவிட்சு வைக்க வேண்டும், அதைப் போடாமல் சாவியைத் திருகினால் வண்டி இருமக்கூடச் செய்யாது என்று. முத்தியால்பேட்டையில் உசேன் பாய் என்று ஒருவர் இருக்கிறார், வயரிங்கில் அவரை அடிக்க ஆளில்லை, கண்ணை மூடிக்கொண்டு சாவியைக் கொடுக்கலாம் என்றும் சொன்னார்.

அது உண்மைதான். உசேனின் கடை ஒரே ஒரு ஷட்டர் அகலம். ஆனால் வாசலில் எப்போதும் வண்டிகள் வரிசையில் நிற்கும். சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு ஆட்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். டாக்டர் வீட்டுக் காரும் அப்படித்தான் நின்றது. கல்யாண மண்டபத்து வேனும் அப்படித்தான். அடுத்தவன் வண்டிச் சாவி கையில் இருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல் உசேன் பாட்டுக்கு வயரைப் பல்லால் உரித்துக்கொண்டிருப்பார்.

சுவிட்சை எங்கே வைப்பது என்பதில் முதல் வில்லங்கம் வந்தது. சீட்டுக்கு அடியில் வைக்கலாம் என்றார் உசேன். குனிந்தால் கோவிந்தராசுக்குத் தொப்பை இடித்தது. காலடி விரிப்புக்குக் கீழே என்றார். மழைக்காலத்தில் ஈரமாகும் என்று கோவிந்தராசு மறுத்தார். பிறகு அவருக்கே ஒரு பிரமாதமான யோசனை பளிச்சென்று வந்தது. டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரைக் காட்டினார். தினமும் வண்டியில் ஏறியதும் அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதுதானே வழக்கம்? சுவிட்சு அவருக்குக் கீழே இருந்தால் கும்பிட்ட மாதிரியும் ஆச்சு, வண்டியைத் திறந்த மாதிரியும் ஆச்சு. எந்தத் திருடன் பிள்ளையாரைச் சந்தேகப்படுவான்?

உசேன் தயங்கினார். சாமிக்குக் கீழே ஓட்டை போட வேண்டியிருக்குமே, மனசுக்கு ஒப்புமா என்று கேட்டார். அந்தத் தயக்கத்தைக் கோவிந்தராசு வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "நீங்க தொட்டா ஒண்ணும் ஆயிடாது பாய், நான் அதெல்லாம் பாக்கற ஆள் இல்ல" என்றார். சொல்லிவிட்டு, தான் எவ்வளவு பெரிய மனசுக்காரன் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். உசேன் சிரித்தார். பிள்ளையாரை அலுங்காமல் பெயர்த்து, சுத்தமான துணியில் வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

முதலில் அவர் வைத்தது கெட்டியான சுவிட்சு. பிள்ளையாரைக் கட்டைவிரலால் நன்றாக ஊன்றி அழுத்தினால்தான் உள்ளே போகும். ஒரு வாரத்தில் கோவிந்தராசு திரும்பி வந்தார். சாமியை இப்படிக் கழுத்தைப் பிடித்து அமுக்குவது பாவமாக இருக்கிறது, தொட்டால் போதும் என்கிற மாதிரி மாற்றிக் கொடுங்கள் என்றார்.

"லேசா வச்சா யார் கை பட்டாலும் ஓடும் சார்" என்றார் உசேன். "அது எல்லாரும் தொடற எடம்."

"என் கார்ல யார் கை படப் போவுது? மாத்துங்க பாய்."

மாற்றிக் கொடுத்தார். ஏறும்போது ஒரு தொடல், உயிர் வரும். இறங்கும்போது ஒரு தொடல், உயிர் போகும். கோவிந்தராசுக்கு அன்றைக்குத் தூக்கம் வந்தது. சக்கரத்துப் பூட்டு பரணுக்குப் போனது, கியர் பூட்டும் பின்னாலேயே போனது. ஸ்டியரிங் சங்கிலி டிக்கியில் சுருண்டு கிடந்தது. கமலவேணிக்கு வாயெல்லாம் பல்.

ஆடி மாதம் வீராம்பட்டினம் தேருக்குப் போனார்கள். கார்களைத் தென்னந்தோப்பில் வரிசையாக விடச் சொன்னார்கள். கழுத்தில் துண்டு போட்ட ஆட்கள், கியரில் விடாதீங்க, நியூட்ரலில் விட்டுட்டுப் போங்க, தேவைப்பட்டா தள்ளிக்கறோம் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். பழைய கோவிந்தராசாக இருந்தால் அங்கேயே ஒரு சண்டை நடந்திருக்கும். இப்போது அவர் பிள்ளையாரை ஒரு தொடு தொட்டுவிட்டு, சங்கிலியைப் பற்றி நினைக்காமலே, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கிப் போனார். தேர் வடம் பிடித்து, அம்மனைப் பார்த்து, வியர்த்து விறுவிறுத்துத் திரும்பினால் கார் இருந்த இடத்தில் ஒரு ஆட்டோ நின்றது.

தள்ளித்தான் விட்டிருப்பார்கள் என்று தோப்பு முழுக்கத் தேடினார். பக்கத்துத் தோப்பிலும் தேடினார். கமலவேணி குங்குமப் பொட்டலத்தைப் பிடித்தபடி ஒரு தென்னை மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். துண்டு போட்ட ஆட்கள் ஒருவரும் கண்ணில் படவில்லை. கடைசியில் ஒரு ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

சிவப்புத் தொப்பியை மேஜையில் கழற்றி வைத்துவிட்டு ஏட்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கதவுப் பூட்டு தேய்ந்தது, சரி. சாவி துவாரத்தில் எதையாவது விட்டுத் திருகியிருப்பான், அதுவும் சரி. ஆனால் ரகசிய சுவிட்சு இருக்கிறது என்கிறீர்களே, அப்புறம் எப்படி வண்டி கிளம்பும்? யார் யாருக்கு அது தெரியும்? எனக்கும் என் சம்சாரத்துக்கும் என்றார் கோவிந்தராசு. அப்புறம்? வச்சவருக்கு. வச்சவர் பேர் என்ன?

பேரைச் சொன்னார். ஏட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"பாயா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

அந்த நிமிஷத்தில் கோவிந்தராசுக்கு எல்லாம் நினைவில் இருந்தது. யார் கை பட்டாலும் ஓடும் என்று அந்த மனுஷன் சொன்னது தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: தெரிந்தும் ஏன்யா வைக்கச் சொன்னே? தன்னை ஒரு முட்டாளாக அந்த மேஜைக்கு முன்னால் நிறுத்திக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. கமலவேணி வேறு பக்கத்தில் இருந்தாள். வந்ததை விழுங்கினார்.

"அவர் ஒருத்தர விட்டா வேற யாருக்கும் தெரியாது சார்" என்றார்.

மறுநாள் காலையில் உசேனைக் கடையிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். வாசலில் நின்ற வண்டிகளின் சொந்தக்காரர்களுக்கு விஷயம் எட்டி, ஒவ்வொருவராக ஓடி வந்து சாவியை வாங்கிக்கொண்டு போனார்கள். அவரை யாரும் அடிக்கவில்லை. சும்மா சொல்லக் கூடாது, டீகூட வாங்கிக் கொடுத்தார்களாம். ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள், சாயங்காலம் அனுப்பினார்கள், காலையில் மறுபடி வரச் சொன்னார்கள். அந்த ரோட்டில் போகாத வண்டி உண்டா முத்தியால்பேட்டைக்கு? அவர் வயரிங் பார்த்த வண்டிகளெல்லாம் அவரைப் பார்த்துக்கொண்டே போயின.

கோவிந்தராசு ஒரு கையெழுத்துப் போட அங்கே போனபோது உசேன் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார். "கார் கெடச்சுதா சார்?" என்றார். உண்மையான விசாரிப்பு அது. கோவிந்தராசு காதில் விழாத மாதிரி உள்ளே போய்விட்டார்.

இது ஸ்டேஷனோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. கார் போய்விட்டதே என்று பார்க்கிறவர்களெல்லாம் துக்கம் விசாரித்தார்கள். விசாரித்தால் பதில் சொல்ல வேண்டாமா? ஆபீசில் சொன்னார், டீக்கடையில் சொன்னார், மைதானத்தில் சொன்னார். ஸ்டேஷனில் 'வச்சவர்' என்று இருந்த உசேன், ஆபீசில் 'அந்த ஆள்' ஆனார். மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது 'வச்சவனுக்குத்தானே தெரியும்?' என்று ஆகியிருந்தார். ஒரு 'ர்' ஒரு 'ன்' ஆவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது! சொல்லும்போது நாக்கு கூசவில்லை என்பதுதான் பின்னால் அவரை வாட்டியது.

கார் கிடைத்தது. திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வாகனச் சோதனையில் பையன் ஒருவன் காரோடு மாட்டினான். ஏற்கெனவே நாலைந்து வண்டி தூக்கியவன். உசேன் யார் என்றே அவனுக்குத் தெரியாது. சுவிட்சு என்ற ஒன்று இருந்ததும் தெரியாது. ஏட்டு கேட்டாராம், எப்படிடா கெளப்பினே என்று. எப்பவும் போலத்தான் சார், ஏறி உக்காந்தேன், சாமி இருந்துச்சு, தொட்டுக் கும்புட்டுட்டு எடுத்தேன், உடனே கெளம்பிடுச்சு என்றானாம்.

ஸ்டேஷனே சிரித்தது. பிள்ளையாரே கேட்டைத் திறந்து அனுப்பி வைத்திருக்கிறார் என்று ஏட்டு மேஜையைத் தட்டிச் சிரித்தார். கோவிந்தராசும் சிரித்து வைத்தார். வாசலில் அந்த பெஞ்சு காலியாக இருந்தது. 

வீட்டில் கமலவேணி எல்லாவற்றையும் கேட்டாள். அவர் சுவிட்சை மாற்றச் சொன்ன கதையையும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.  போய் அந்த மனுஷன் கால்ல விழுங்க என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முல்லா வீதியில் உசேன் வீட்டைத் தேடிப் போனார். உசேனின் மனைவி பரீதாதான் கதவைத் திறந்தாள். நாலு வார்த்தை திட்டுவாள் என்று எதிர்பார்த்து, வாங்கிக்கொள்ளவும் தயாராகப் போயிருந்தார். அவள், வாங்க, உக்காருங்க, அவரு தொழுதுட்டு வந்துடுவாரு என்றாள். டீ வந்தது, பிஸ்கட்டும் வந்தது. அந்த டீயைக் குடிப்பதற்குள் அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். கடை நேரத்தில் உசேன் ஏன் வீட்டில் இருக்கிறார் என்ற கேள்வி அப்போதுதான் தோன்றியது. கேட்கத் தைரியமில்லை.

உசேன் வந்து எதிரில் உட்கார்ந்தார். கோவிந்தராசு மன்னிப்புக் கேட்டார். நன்றாகவே கேட்டார், கண்கூடக் கலங்கியது. என் மேல்தான் தப்பு, நீங்கள் சொன்னதை நான் கேட்கவில்லை, ஸ்டேஷனிலும் மறைத்தேன் என்று ஒன்று விடாமல் சொன்னார். 

"இத என்கிட்ட சொல்லி என்னா சார் ஆவப் போவுது? எனக்குத்தான் தெரியுமே" என்றார் உசேன். "எங்கெங்க என் பேரச் சொன்னீங்களோ, அங்கெல்லாம் போய் நான் இல்லன்னு சொல்லிடுங்க. நம்பி சாவி குடுத்தாத்தான் சார் எனக்குத் தொழிலு."

சொல்கிறேன் என்று அவர் கையைப் பிடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தார்.

சொல்லவும் செய்தார். அதுதான் இதில் கொடுமை. மறுநாளே ஆபீசில் ஆரம்பித்தார். கார் கிடைத்த விஷயத்தைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியுமா? திருடன் சாமி கும்பிட்ட இடம் வந்ததும் ஒருத்தர் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து செக்ஷனிலிருந்து ஆட்கள் எழுந்து வந்தார்கள். மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். இரண்டாவது தடவை அவர் திருடன் மாதிரியே கையெடுத்துக் கும்பிட்டுக் காட்டினார். சிரிப்பு இன்னும் கூடியது. அதனால உசேன் மேல தப்பில்ல என்று முடிக்கத்தான் நினைத்தார். அதற்குள் ஒருத்தர் தன் மச்சான் வீட்டில் திருடன் ஊஞ்சல் ஆடிய கதையை ஆரம்பித்துவிட்டார்.

டீக்கடையிலும் அப்படித்தான் ஆனது. மைதானத்தில் கேட்கவே வேண்டாம். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற பெரியவர் ஒருவர் அங்கே உண்டு, சொல்தா, அதாவது சிப்பாய், என்றே எல்லாரும் கூப்பிடுவார்கள். அவர் மெர்சி, மெர்சி என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பக்தித் திருடன் என்று கதைக்குப் பேரும் வைத்தார்கள். கோவிந்தராசைக் கண்டாலே யாராவது, அதக் கொஞ்சம் சொல்லுங்க சார் என்பார்கள். அவரும் சொல்லுவார். சொல்லச் சொல்லக் கதை மெருகேறியது. கதை மெருகேற ஏற, பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு அதில் இடமில்லாமல் போனது. இதை அவர் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். கவனித்தார். சிரிப்பு சுகமாக இருந்தது.

ஐப்பசி மழை ஒரு நாள் விட்டிருந்தபோது முத்தியால்பேட்டை வழியாகப் போனார். உசேன் கடை திறந்திருந்தது. வாசலில் வண்டி எதுவும் இல்லை. உசேன் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பழைய மிக்சியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கார் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தார். கோவிந்தராசு நிறுத்தவில்லை. நிறுத்தி என்ன சொல்லுவது? கதையைச் சொல்லுவதா? அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. தான் ஒரு அயோக்கியன் என்று கமலவேணியிடம் சொன்னார். அவள் இல்லை என்று சொல்லவில்லை.

அடுத்த வாரம் மைதானத்துக்கு அம்மாவாசை மிட்டாய் டப்பாவோடு வந்தார். மகனுக்குக் கார் வாங்கியிருக்கிறார். புது வண்டி, தெருவில்தான் நிற்கப் போகிறது, ரிமோட்டில் கத்துகிற அலாரம் மாட்டலாமா, ரகசிய சுவிட்சு வைக்கலாமா என்று கோவிந்தராசிடம் யோசனை கேட்டார். பிள்ளையாருக்குக் கீழ மட்டும் வேணாம் என்று சொல்தா குறுக்கே சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள்.

 இதுதான் சமயம் என்று கோவிந்தராசுக்குத் தோன்றியது. உசேன் பாய்கிட்ட குடுங்க, அவர மாதிரி வேலைக்காரர் கெடையாது என்றார்.

அம்மாவாசை முகம் மாறியது. "அந்த ஆளா? வேணாம் சார். ஸ்டேஷன் வரைக்கும் போன ஆளு. பையன் கார் சாவிய எப்பிடிக் குடுக்கறது?"

"யாரு சொன்னா அப்படி?"

"என்னா சார், நீங்கதானே சொன்னீங்க."

கோவிந்தராசு கையிலிருந்த குண்டைக் கீழே வைத்தார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார். நான் சொன்னது பொய் என்றார். அவர் எச்சரித்தார், நான்தான் கேட்கவில்லை என்றார். போலீசில் அதை மறைத்தேன், என் மானம் போகக் கூடாது என்று அவர் பேரைச் சொன்னேன், இத்தனை நாளாக உங்களிடம் சிரிக்கச் சிரிக்கக் கதை விட்டேனே தவிர இதை ஒரு நாளும் சொல்லவில்லை என்றார். கும்பிட்டுக் காட்டாமல், சிரிக்க இடம் வைக்காமல், ஒரு மூச்சில் சொல்லி முடித்தார்.  ஆட்டம் நின்றுவிட்டது. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

சொல்தா எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். அம்மாவாசை டப்பாவை மூடிவிட்டு, குழந்தைக்குச் சொல்லுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"உங்களுக்கு எளகின மனசு சார். அந்த ஆளு பொழப்பு போயிடுச்சேன்னு பழியத் தூக்கி உங்க தலையில போட்டுக்கறீங்க. எங்களுக்குத் தெரியாதா உங்களப் பத்தி?"

ஆமாம் ஆமாம் என்றார்கள் மற்றவர்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷனா என்று யாரோ பின்னால் சொல்வது கேட்டது. கோவிந்தராசு இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். அவர்கள் அன்போடு அவர் கையில் ஒரு மிட்டாயை வைத்தார்கள்.